அறுப்பின் பண்டிகையில் ஒரு மிளாக்கொம்பு

போன வாரம் நம்மில் ஒருவன் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். மூணாற்றில் புதிதாகத் திறந்திருக்கும் ஏதோ ஓட்டலின் வரவேற்பறை. சுவரில் ஃபைபரில் செய்த மான்தலை. கொம்பு இரண்டும் வார்னிஷில் பளபளவென்று மின்னின. "யாருக்காவது ஏதாவது ஞாபகம் வருதாலே?" என்று கீழே எழுதியிருந்தான். நீங்கள் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஒரு பொம்மையில் அடங்குகிற விஷயமா அது?

உங்களில் பாதிப் பேர் அந்த அறுப்பின் பண்டிகையன்று கோயிலில் இருந்தீர்கள். என் தங்கச்சி பீடத்தின் மேல் என்ன வைத்தாள் என்று கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் மறுநாள் மேட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வெளியே சொன்னால் ஃபாரஸ்ட் கார்டு சாருக்கு ஆபத்து என்று அப்பா எங்கள் வாயைக் கட்டியிருந்தார். இப்போது கார்டு சார் பென்ஷன் வாங்கிக்கொண்டு மகன் வீட்டோடு போய்விட்டார். இனி எழுதலாம்.

அம்மாவுக்குத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் வேலை. அவள் பேரில்தான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வீடு. அப்பா காட்டிலாகாவில் தற்காலிக வாட்சர், கார்டு சாருக்குக் கீழே. காக்கிச் சட்டைகூட இலாகா கொடுத்ததில்லை. மறையூருக்கு பஸ் ஏறிப் போய் அவரே துணி எடுத்துத் தைத்துக்கொண்டது. என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்று அந்தச் சட்டையை ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போல மடித்து வைப்பார். காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகாமல் பார்ப்பது அவர் வேலை. தானாக விழுந்த கொம்பானாலும் எடுத்தால் குற்றம். வீட்டில் ஒன்று பிடிபட்டால் வேலை போவதோடு நிற்காது, ஜெயிலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் எழுத்து படித்த முதல் ஆள் நான் என்பதால், இலாகா ஒட்டியிருந்த நோட்டீசை என்னையே உரக்க வாசிக்கச் சொல்லி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர் அப்பா.

அப்படிப்பட்டவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்தக் கோடை விடுமுறை முழுக்க மிளாக்கொம்பு பொறுக்கினோம், நானும் தங்கச்சியும்.

மிளா உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் கடமான் என்பார்கள். வெயில் ஏறும் மாதங்களில் கிடாக்கள் கொம்பை உதிர்க்கும். கிராண்டிஸ் மரக்காட்டில், பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிற இடத்தில், புல்மேட்டு ஓரத்தில் என்று எங்கேயாவது கிடக்கும். தேடுகிறவன் கொம்பைத் தேடினால் கிடைக்காது. தரையெல்லாம் கொம்பு மாதிரியே சுள்ளி. பட்டை உரியாத சுள்ளியைத் தேட வேண்டும். மழையிலும் வெயிலிலும் எல்லாச் சுள்ளியும் பட்டை உரிந்து வெளுத்துப்போகும்; கொம்பு மட்டும் உரியாது. இதை நானே கண்டுபிடித்தேன் என்று அன்று எனக்கு ஒரு கர்வம்.

தங்கச்சிக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர இருந்தவள், குள்ளம். தேயிலைச் செடியை மேலே மேசை மாதிரி மட்டமாக வெட்டி வைத்திருப்பார்களே, அதன் அடியில் அவள் புகுந்து போவாள். நான் வரப்பில் நிற்பேன். பச்சைக்கு அடியில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது பேச்சுச் சத்தத்தில்தான் தெரியும்.

"அண்ணே, இங்க இருட்டா இருக்கு."

"வெளிய வாட்டி."

"இருட்டுதான் நல்லாருக்கு. ஒரு குருவி முட்டை விட்டிருக்கு. தொடல."

ஒரு நாள் அப்படிப் போனவள் வெகுநேரம் பேசவில்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. அட்டை ஏறிவிட்டதோ, பாம்போ என்று நானும் குனிந்து புகுந்தேன். வளைந்த தூர்களுக்கு நடுவே, சல்லடையில் விழுகிற மாதிரி விழுந்த வெளிச்சத்தில் அவள் குந்தியிருந்தாள். முன்னால் இரண்டு தூர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு நின்றது அந்தக் கொம்பு. விழவில்லை, நின்றது. கிளை மூன்றும் மேலே பார்த்து, நுனி மூன்றும் சோழிபோல வெளுத்து. ஒரு மிளா மண்ணுக்குள் இறங்கிப் போய்விட்டு ஒரு கொம்பை மட்டும் வெளியே விட்டு வைத்த மாதிரி.

"அண்ணே, இது எனக்குத்தான் போட்டுருக்கு," என்றாள் கிசுகிசுப்பாக. கோயிலில் பேசுகிற குரல்.

அவள் தோளுயரம் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கிற கனம். காலையில் தொட்டால் குழாய்த்தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும். உடம்பெல்லாம் வரிவரியாக மேடு, விரலை ஓட்டினால் கூசும். அடியில் ஒரு வளையம், உளுந்தவடையின் ஓரம் போல மொறுமொறுப்பாக. முகர்ந்தால் ஈரமண்ணும் ஆட்டுமந்தையும் கலந்த வாடை.

பாழடைந்த பம்பு ஷெட்டில் உரச்சாக்குக்குள் எங்கள் சேகரிப்பு இருந்தது. அதிலேயே பெரியது இதுதான். மற்றவற்றில் பாதிக்கு நுனி இல்லை. ஏதோ அரித்து, கடித்து, உளியால் செதுக்கியதுபோல வரிவரியாகப் பல் தடம். காட்டில் கிடக்கிற கொம்பை எது கடிக்கும் என்று அப்பாவிடம் சும்மா கேட்கிறமாதிரி கேட்டேன். "செந்நாய்லே, வேற எது?" என்றார். அவர் கார்டு சாரிடம் கேட்டுவந்த தகவல் வேறு: முள்ளம்பன்றி. இரண்டு பேரும் காட்டிலேயே நடக்கிறவர்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அம்மாவுக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது. கொம்பு கிடந்தால் அங்கே ஒரு சாவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். தானாக உதிரும் என்று அப்பா எத்தனை சொல்லியும் ஏற்கமாட்டாள். "கை காலு தானா கழண்டு விழுமா? செத்தாத்தான் விழும்," என்பாள். கொழுந்து எடுக்கையில் கொம்பு தட்டுப்பட்டால் அந்தச் செடியைச் சுற்றிக்கொண்டு போவாள். பெற்றவள் முன்னால் அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கையகலத்துக்குக் குழி இருந்தது. தங்கச்சி வயிற்றில் இருந்தபோது அம்மா சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ற இடம். லயத்தில் அநேகம் வீட்டில் அப்படி ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கும்போது அப்பா அந்தக் குழியில் சுண்ணாம்பு மட்டையை அழுத்தி அழுத்தி அடைப்பார். "எஸ்டேட்டையே தின்னுருப்பா உங்க அம்மா," என்பார். அம்மா சிரிக்காமல் அந்தப் பக்கம் போய்விடுவாள். எத்தனை அடித்தாலும் குழி தெரியும்.

மற்ற ஊர்களில் அறுப்பின் பண்டிகை எப்போது வருமோ, நமக்கு மே மாதக் கடைசி ஞாயிறு. மழை இறங்கிவிட்டால் போதகர் ஐயர் வருகிற ஜீப் மண்சாலையில் ஏறாது, அதனால். அதற்கு முந்தின ஞாயிறு உபதேசியார் அறிவிப்புச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சபையை நடத்துகிறவரும் அவர்தான், காணிக்கைப் பொருளை ஏலம் விடுகிறவரும் அவர்தான். "நமக்குச் சொந்த நெலம் கெடையாது. அதனால அறுப்பு இல்லன்னு ஆயிருமா? நீங்க எதைச் சேத்தீங்களோ, அதுல நல்லதைக் கொண்டு வாங்க. பிள்ளைங்களுந்தான்."

தங்கச்சி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். "நல்லதுன்னா என்னம்மா? ரொம்பப் பிடிச்சதா?"

அம்மா பட்டர்பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாட்டி. பிடிச்சதைக் குடுத்தாத்தான் காணிக்கை."

அன்றைக்குக் கோயில் எப்படி மணத்தது! பீடத்தின் முன்னால் பூசணி, காரட், முட்டைக்கோஸ், ஏலக்காய் ஒரு படி, மறையூர் வெல்ல உருண்டை, காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று. பாட்டு ஆரம்பித்ததும் சேவலும் ஆரம்பித்தது. கடைசி பெஞ்சில் கார்டு சார். அவர் மலையாளி, சபையைச் சேர்ந்தவர் இல்லை. நாட்டுச்சேவல் ஏலத்துக்கு வருடா வருடம் வருவார். அப்பா அவருக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையில்.

பிள்ளைகள் வரிசை நடந்தது. தங்கச்சி அம்மாவின் கம்பளியில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வந்தாள். காரட் கட்டு என்று நினைத்தேன். பீடத்தின் மேல் வைத்து, கம்பளியை விலக்கினாள்.

பாட்டு ஒரு வரியின் நடுவில் நின்றுபோனது. சேவல் மட்டும் தொடர்ந்தது.

ஐயர் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், காட்டுச் சட்டம் தெரியாது. முகம் மலர்ந்துவிட்டது. கொம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "பாருங்கள், ஒரு சிறுபிள்ளை கொண்டுவந்ததைப் பாருங்கள்! காட்டு ஜீவன்களுக்கும் கிரீடம் சூட்டுகிற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்று ஜெபித்தார். ஜெபம் முடிகிறவரை கண்ணை மூட வேண்டிய சபை முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டு கார்டு சாரைப் பார்த்தது. அப்பாவை நான் பார்த்தேன். சட்டையின் மேல்பொத்தானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், அதைக் கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னார்கள் என்பதுபோல.

ஏலத்தில் எல்லாம் போன பிறகு கொம்பு மட்டும் மிஞ்சியது. உபதேசியார் அதைத் தொடவே இல்லை. கார்டு சார் எழுந்து முன்னால் வந்தார். தங்கச்சி முன் குனிந்தார்.

"இது எவிடுந்து கிட்டி மோளே?"

"தேயிலைக்கு அடியில. மிளா எனக்குப் போட்டுட்டுப் போச்சு சார்."

அவர் கொம்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். கொன்று எடுத்ததானால் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும். இதில் வளையத்துக்குக் கீழே வெறும் சொரசொரப்பு. "வெட்டினதல்ல. தானே விழுந்தது," என்றார். ஐயர் ஸ்தோத்திரம் என்றார். "விழுந்தாலும் சர்க்காரோடது," என்றார் கார்டு சார். அப்பாவைப் பார்த்து, "நீ வாட்சர் அல்லேடோ?"

அப்பா எழுந்து நின்றார். "எனக்குத் தெரியாது சார். ஆனா எம்புள்ள. எது வந்தாலும் எம்பேர்ல எழுதுங்க."

"சரி. இதை ஞான் கொண்டு போகட்டே."

உபதேசியார் தொண்டையைச் செருமினார். அந்த மனுஷர் பயந்தவர்தான், ஆனாலும் சொன்னார். "மன்னிக்கணும் சார். பீடத்துல வெச்சதை ஏலத்துல யாராவது எடுத்தாத்தான் அது கோயிலை விட்டு வெளிய போகும். அது சபை வழக்கம்."

கார்டு சார் கொம்பைப் பீடத்தில் திரும்ப வைத்தார். "அப்போ ஏலம் விளிக்கு. ஒரு கண்டிஷன். எடுக்கிறவர் நாளைக் காலைல என்கூட வந்து, காட்டுல திரும்ப வைக்கணும். கேஸ் வேணுமா வேண்டாமான்னு அது கழிஞ்சு பார்க்கலாம்."

தங்கச்சி அவர் பேண்டைப் பிடித்து இழுத்தாள். "சார், பம்பு ஷெட்ல இன்னும் நெறைய இருக்கு. அதையும் வைக்கவா?"

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

உபதேசியார் ஏலம் கூறினார். யார் கேட்பார்கள்? எல்லோரும் அவரவர் பூசணியை மடியில் அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஒரு ரூவா."

அம்மா.

"உபதேசியாரே, இந்தப் பரங்கிக்காய்க்கே நான் அதுக்கு மேல குடுத்தேனே!" என்று ஜீப் டிரைவர் கத்தினார். அப்போதுதான் சபைக்குச் சிரிக்க வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கிடந்தால் சுற்றிக்கொண்டு போகிறவள், முந்தானையைக் கையில் சுற்றி, தோல் படாமல், அந்தக் கொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா காக்கிச் சட்டையைத் துவைத்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டு, மடித்து ஒரு துணிப்பையில் வைத்தார். திருப்பிக் கொடுப்பதற்கு. இலாகா கொடுக்காத சட்டையை இலாகாவிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

விடிந்ததும் ஏறினோம். முன்னால் கார்டு சார், பின்னால் சாக்கைச் சுமந்து அப்பா, பெரிய கொம்போடு அம்மா, நாங்கள். தேயிலை முடிந்து புல்மேடு தொடங்குகிற இடத்தில், சோலைக்காட்டின் ஓரமாகக் கொம்புகளைக் கொட்டச் சொன்னார் கார்டு சார். தங்கச்சி அவற்றைக் கொட்டவிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வரிசையாக வைத்தாள், தூங்குகிற பிள்ளைகளைப் படுக்க வைப்பதுபோல. பெரியதைக் கடைசியில் வைத்தாள்.

திரும்பலாம் என்றபோது பனிமஞ்சு இறங்கிவிட்டது. ஒரு கை தூரம் தெரியவில்லை. "வேண்டாம், வழியில ஆனை நிக்கும். மாறட்டே," என்று கார்டு சார் ஒரு பாறைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார். அப்பா பையை மடியில் வைத்திருந்தார். எப்போது எடுத்து நீட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார் போல.

முதலில் சத்தம்தான் வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கொப்பரைத் தேங்காயைக் கடித்துத் தின்கிறார்கள். கடைவாயில் போட்டு, நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. வெண்மையைத் தவிர எதுவும் தெரியவில்லை. தங்கச்சி என் கையைப் பிடித்தாள். பிறகு காற்று ஒரு பக்கமாக அடித்து, மஞ்சு சீலையை இழுத்ததுபோல விலகியது.

பெண் மிளாக்கள். நாங்கள் மூச்சுவிட்டால் கேட்கிற தூரம். ஈரம் சொட்டுகிற கரும்பழுப்பு உடம்பு, கிண்ணம் கிண்ணமாகக் காது. முன்னால் நின்றது வாயில் கொம்பைக் குறுக்கே வைத்திருந்தது, நாகஸ்வரக் கோஷ்டியில் ஒருவன் புல்லாங்குழலோடு வந்துவிட்ட மாதிரி. கண்ணைப் பாதி மூடிக் கடித்தது. எச்சில் நூலாக இறங்கியது. அதே பல், அதே வரிவரியான தடம்.

"அப்ப செந்நாய் இல்ல," என்றார் அப்பா, மூச்சுக்காற்றிலேயே.

"முள்ளன்பன்னியும் அல்ல," என்றார் கார்டு சார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது. "இத்தன காலம் காட்டுல நடந்தேன். ஞான் இது கண்டிட்டில்ல."

சோலையின் வாசலில் இன்னொன்று நின்றது. அதை மரம் என்றே முதலில் நினைத்தேன். பெரிய கிடா. கழுத்தில் பிடரிமயிர் நனைந்து தொங்கியது. தலையில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முட்டுகள், வாழைப்பூ மொட்டு மாதிரி, மேலெல்லாம் பூனைமயிர். புதிதாக முளைக்கிறது. அது தின்ன வரவில்லை. தன் பழைய கொம்பைத் தின்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மா அதையே பார்த்தாள். "சாகலையே," என்றாள். "ஏங்க, இந்தா நிக்குதே. சாகலையே."

பிறகு முன்னால் நின்ற பெண் மிளா பக்கவாட்டில் திரும்பியது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளித் தொங்கியது. அதற்குள் ஏதோ ஒன்று உதைத்தது; தோல் ஒரு இடத்தில் எழும்பி அடங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது கடிப்பதை நிறுத்தி, ஒரு கணம் உள்ளே கேட்டுவிட்டு, மறுபடி கடித்தது.

அம்மாவின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது.

"புள்ளத்தாச்சி," என்றாள். "கேக்குது அதுக்கு. நான் இவளை உண்டாயிருக்கையில சொவத்தைச் சொரண்டித் தின்னேன்லா? அதேதான். அதேதான் கேக்குது."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். வருடா வருடம் சொல்லிச் சிரித்த ஒரு பேச்சு அவர் முகத்தில் வந்து, வெளியே வர இடம் இல்லாமல் திரும்பிப் போவதைப் பார்த்தேன்.

தங்கச்சியின் பெரிய கொம்பை இன்னொரு மிளா முகர்ந்தது. நாக்கால் நக்கியது. கவ்வித் தூக்கியது. தங்கச்சி அழுவாள் என்று பயந்து வாயைப் பொத்தப் போனேன். அவள் என் கையைத் தள்ளினாள். "விடுண்ணே, பாக்கட்டும்," என்றாள்.

மஞ்சு மறுபடி மூடியபோது சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் நின்றது. எழுந்து போய்ப் பார்த்தோம். வரிசை கலைந்து, ஈரமாக, புதுப் பல்தடத்தோடு சில கொம்புகள். பெரியது அங்கே இல்லை.

அப்பா பையிலிருந்து சட்டையை எடுத்து கார்டு சாரிடம் நீட்டினார். இரண்டு கையாலும்.

கார்டு சார் சட்டையைப் பார்த்தார், சோலையைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். "முதலோட சொந்தக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயாச்சு. இனி யார் பேர்ல கேஸ் எழுத? இட்டுக்கோடோ. தணுப்பு."

அப்பா போட்டுக்கொண்டார். பொத்தான் போட அவருக்கு நேரம் பிடித்தது. அம்மா போய்ப் போட்டுவிட்டாள்.

நாங்கள் லயத்துக்கு இறங்குவதற்குள் மழை பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒரு கொம்பையும் நாங்கள் எடுத்ததில்லை. கண்டால் தங்கச்சி அதைப் புல்மேட்டுப் பக்கமாகக் காலால் நகர்த்திவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட்டில் சுண்ணாம்பு கொடுத்தார்கள். அப்பா வாளியில் கரைத்து, மட்டையை நனைத்து, வாசல் சுவரிலிருந்து தொடங்கினார். நான் வாளி பிடித்தேன். கதவுக்குப் பின்னால் வந்ததும் மட்டை நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குழியைச் சுற்றி மட்டையை மெதுவாக ஓட்டினார், சாமிபடத்தைச் சுற்றி அடிக்கிற கவனத்தோடு. சுவர் முழுக்க வெள்ளையானது. அந்தக் கையகல இடத்தை மட்டும், அம்மாவின் நகத்தடத்தோடு, அப்படியே விட்டார்.